மன்னனுக்குப் பயம் கிடையாது

செப்டம்பர் 7

மூன்று குட்டிகளை அப்பா இன்று கழித்துவிட்டார்.

கழிப்பது என்பது எங்கள் வீட்டுச் சொல். குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனதும் தாயைத் தள்ளிக் கட்டிவிடுவார். குட்டிகள் தூங்கும்போது பின்னால் போய் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு அடி அடிப்பார். தலையைத் தூக்கும் குட்டிகள் விலைக்குப் போகும். தூக்காதவை சாக்குக்குள் போகும். சாக்கு தோப்புக்குள் இருக்கும் பாழுங்கிணற்றுக்குப் போகும். அப்பா திரும்பி வந்து கை கழுவுவார். அம்மா காபி கொடுப்பாள். நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான்.

இந்த முறை ஏழில் மூன்று. மூன்றும் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. ராஜபாளையம் நாய் என்று கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் அதே வெள்ளை, அதே மூக்கு. தாய் சந்தனம். தகப்பன் மன்னன். சந்தனத்துக்கும் மன்னனுக்கும் தகப்பன் ஒரே நாய்.

எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது புதிரே இல்லை. தோலுக்கு நிறம் தருகிற செல்கள்தான் உள்காதையும் உயிரோடு வைத்திருக்கின்றன. வெள்ளையோடு வெள்ளையை, அதுவும் ஒரே ரத்தத்துக்குள், சேர்த்துக்கொண்டே போனால் அந்தச் செல்கள் காது வரை போய்ச் சேருவதில்லை. குட்டி பிறந்த சில வாரங்களில் காது செத்துவிடும். அப்பா அந்தக் காதை உண்டாக்குகிறார். பிறகு அந்தக் காதுக்காகக் குட்டியைக் கொல்கிறார். இதற்கு இடையில் காபி.

அடுத்து பவளத்தை மன்னனோடு விடப்போகிறாராம். பவளம் மன்னனின் சொந்த மகள். தீபாவளியை ஒட்டிப் பருவத்துக்கு வரும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இப்போதே குட்டி சொல்லி வைத்திருக்கிறார்.

இதை நடக்க விடமாட்டேன்.

செப்டம்பர் 9

சந்தனம் கஞ்சி குடிக்கவில்லை. தோப்புப் பக்கமே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

செப்டம்பர் 18

மாரீஸ்வரி அக்கா வர்ஷியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மாமாவுக்கு மில்லில் இந்த மாதமும் அடுத்த மாதமும் இரவு ஷிப்ட். தீபாவளி முடியும்வரை இருவரும் இங்கேதான்.

மாமா என்றால் மகாலிங்கம் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அக்காவை அவருக்குத்தான் கொடுத்திருக்கிறது.

வர்ஷிக்கு ஒரு வயது பத்து மாதம். இன்னும் ஒரு சொல் வரவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டலாமே என்று நான் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள்.

"இவ அப்பனே மூணு வயசுக்கு மேலதான் வாயத் தொறந்தான். நான்தானே இடுப்புல வச்சுத் தூக்கி வளத்தேன், எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள பெரிய டாக்டரம்மா சொல்ல வந்துட்டா."

அக்கா இப்போது ஒரு புதுப் பழக்கம் வைத்திருக்கிறாள். பிள்ளையைக் கூப்பிடும் முன் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறாள். குதிகால் வலி போல. கேட்டால் முறைக்கிறாள்.

வர்ஷிக்கு மன்னனைப் பிடித்திருக்கிறது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

செப்டம்பர் 28

கோயம்புத்தூர்க்காரர் காரில் வந்தார். அப்பா வழக்கமான வேடிக்கையைக் காட்டினார். எங்கள் ஊரில் பட்டாசுக்கு என்ன பஞ்சம். நாய்களைக் கட்டிப்போட்டு, பின்னால் ஒரு லட்சுமி வெடி. மற்ற நாய்கள் எல்லாம் சங்கிலியை அறுத்துக்கொண்டு குதித்தன. சந்தனம் மூத்திரம் போய்விட்டது. மன்னன் மட்டும் படுத்தவாக்கில் தலையைத் திருப்பி, கிளம்பி வந்த புகையைப் பார்த்தான்.

"பாத்தீகளா?" என்றார் அப்பா. "சிங்கம். பயம்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது. வீச்சரிவாளோட நின்னாலும் அசைய மாட்டான்."

"அதுதானுங்க வேணும். எங்க வீட்டுக்குப் பக்கத்துல கல்யாண மண்டபமுங்க. பொழுதன்னைக்கும் வெடிதான். போன நாயி கட்டிலுக்கு அடியிலயே குடும்பம் நடத்துச்சுங்க."

"இவன் மகளுக்கே இவன விடுறேன். அந்தத் தைரியம் அப்படியே ரெட்டிப்பா எறங்கும்."

அம்மா அவருக்குச் சீடை வைத்தாள். நான் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ரெட்டிப்பாக எது இறங்கும் என்று வெளியே போய்க் கத்த வேண்டும் போலிருந்தது.

அக்டோபர் 2

மன்னனுக்குக் காது கேட்காது.

கஞ்சி வாளி என் கையிலிருந்து நழுவி, தூங்கிக்கொண்டிருந்த அவனுக்குப் பின்னால் சிமெண்டுத் திட்டில் விழுந்தது. தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். அவன் காது மடல்கூட அசையவில்லை. உள்ளே போய் அதே தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்தேன். தலைக்குப் பின்னால் அடித்தேன். மீண்டும் அடித்தேன். நிதானமாக மூச்சு விட்டுத் தூங்கினான். கையை நீட்டி முதுகைத் தொட்டதும் துள்ளி எழுந்து, என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான்.

இப்போது எல்லாம் புரிகிறது. அவன் தனியாக இருக்கும்போது குரைத்து நான் கேட்டதே இல்லை. மற்ற நாய்கள் எழுந்தால் எழுவான், அவை பார்க்கும் திசையைப் பார்ப்பான். அப்பாவின் கையை ஒரு நொடிகூட விடாமல் பார்ப்பான். "என் கண்ணப் பாத்தே வேல செய்வான்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாரே, அது இதுதான். அவன் பிறந்த ஈத்தைக் கழித்தபோது பக்கத்துக் குட்டி எழுந்த அசைவில் மன்னனும் தலையைத் தூக்கியிருக்க வேண்டும்.

கேட்காத காதைத் தைரியம் என்று நம்பி, அந்தத் தைரியத்துக்காகவே அவனைக் கடுவனாக நிறுத்தி, ஆறு வருஷமாக எல்லாப் பெட்டைகளோடும் சேர்த்திருக்கிறார். எத்தனை சாக்குகள்.

அக்டோபர் 3

சொல்லிவிட்டேன். அப்பா முற்றத்தில் உட்கார்ந்து பவளத்துக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மன்னன் செவிடு."

"யாரு சொன்னா?"

"நான் தட்டி வச்சுப் பாத்தேன்."

சிரித்தார். "ஏத்தா, சத்தத்துக்கு எந்திரிக்கிறது கோழை நாயி. அவனுக்கு அது தேவையில்ல. நீ படிச்சது பொஸ்தகத்து நாயி. இது எங்கப்பன் காலத்துலருந்து வார ரத்தம். இதுக்குள்ள வேத்து ரத்தத்தைக் கலந்தா தெரு நாயிதான் மிஞ்சும்."

"ஒரே ரத்தத்தை அதுக்குள்ளயேதான் கலக்குறீங்க. மறைஞ்சு கெடக்குற குறை எல்லாம் ரெண்டு பக்கத்துலருந்தும் வந்து சேருது. குறையோட பொறக்கும்னு தெரிஞ்சும் பொறக்க வைக்கிறது பாவம் இல்லையா? அப்படி ஒண்ணு பொறக்கவே கூடாதுப்பா."

"அதான் கழிச்சிருறோமே" என்றார். ஏதோ நியாயத்தைச் சொல்லி முடித்ததுபோல.

அடுக்களையில் அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அரிவாள்மணைச் சத்தம் நின்றது, அவ்வளவுதான். அவளைச் சின்ன வயதிலிருந்தே எனக்குப் புரிவதில்லை.

அக்டோபர் 5

பாடத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். தகப்பனையும் மகளையும் சேர்த்தால், ஒரே மூதாதையின் ஒரே மரபணு குட்டிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு தகப்பனுக்குப் பிறந்த இரண்டைச் சேர்த்தால் எட்டில் ஒன்று. சந்தனத்தின் குட்டிகள் இந்தக் கணக்கு. புத்தகத்தில் அதே வரியில், அதே எட்டில் ஒன்றுக்கு நேராக, தாய்மாமனும் அக்காள் மகளும் என்று போட்டிருக்கிறது.

நாய்களைப் பற்றித்தான் பார்க்க வந்தேன். மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14

வர்ஷிக்குச் சளி. அக்கா யாரையும் பக்கத்தில் விடுவதில்லை. நான் பின்னாலிருந்து வந்து பிள்ளையைக் கூப்பிட்டால், பிள்ளை திரும்புவதற்குள் அவளே அதை வாரித் தூக்கிக்கொள்கிறாள்.

அக்டோபர் 20

தீபாவளி. விடியும் முன்பே தெரு அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா பொத்திக்கொண்டாள். அப்பாவின் இடுப்பிலிருந்த வர்ஷி நெருப்புப் பொறியைக் காட்டிச் சிரித்தாள். பட்டுப் பாவாடை, நெற்றியில் எண்ணெய். வாசலிலேயே அணுகுண்டு ஒன்று வெடித்தது. அப்போதும் இமைக்காமல் சிரித்தாள்.

"பாத்தியா என் பேத்தியை!" அப்பா அவளை உயரத் தூக்கிப் பிடித்துத் தெருவுக்கே காட்டினார். "பயமே கெடையாது. நம்ம ரத்தம்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைவலி. அதிரசம் மூன்று தின்றேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 21

அக்கா தரையை மிதிக்கிறாளே, அது குதிகால் வலி இல்லை.

அக்டோபர் 22

மத்தியானம் வர்ஷி கூடத்தில் தூங்கினாள். நான் தட்டும் கரண்டியுமாகப் பின்னால் போய் நின்றேன். ஏன் கையைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை, ஏன் அந்தத் தட்டையே எடுத்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடிக்கவில்லை. அதற்குள் அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். தட்டு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் பிள்ளை எழவில்லை.

"இன்னொரு வாட்டி என் பிள்ளைக்குப் பின்னாடி தட்டை எடுத்துட்டு வந்த, கைய ஒடிச்சிருவேன்."

"அக்கா, ஒனக்குத் தெரியுமா?"

"அவளுக்கு ஏழு மாசம் இருக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சா வச்சுக்கிட்டு இருந்த? ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. எவ்வளவு சீக்கிரம் காட்டுறோமோ அவ்வளவு நல்லதுக்கா. மெஷின் இருக்கு, ஆபரேஷன் இருக்கு. ஒரு வருசத்தை வீணாக்கிட்டியே!"

"யாருகிட்டச் சொல்லச் சொல்ற? இந்த வீட்டுலயா?" சத்தம் வெளியே போகாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "எனக்கு ஆறு வயசு இருக்கும்போது அப்பா என் மடியிலருந்த குட்டியத் தட்டிப் பாத்துட்டுத் தூக்கிட்டுப் போனாருடி. கேக்காததை என்ன செய்வாங்கன்னு அன்னைக்கே படிச்சுட்டேன். பிள்ளைய ஒண்ணும் கெணத்துல போட மாட்டாங்க. ஆனா பாக்குற பார்வை இருக்குல்ல, அது அதே பார்வைதான். அம்மா, சாமி குத்தம்னு சொல்லுவா. தெருவுல ஐயோ பாவம்னு சொல்லுவாங்க. சொந்தக்காரங்க மாமாகிட்ட ரெண்டாங் கல்யாணத்தைப் பத்திப் பேசுவாங்க. அப்புறம் நீ."

"நான் என்ன செஞ்சேன்?"

"‘அப்படி ஒண்ணு பொறக்கவே கூடாது.’ சொன்னியா இல்லியா? முத்தத்துல நின்னு தொண்டை கிழியச் சொன்னியே. என் பிள்ளை என் காலடியில ஒக்காந்திருந்தா. நல்லவேளை அவளுக்குக் கேக்கல."

நாயைப் பற்றிச் சொன்னேன் என்றேன். அப்பாவைத்தான் திட்டினேன் என்றேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 23

கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் காலையிலிருந்து வீட்டைக் கூட்டிக்கொண்டே இருக்கிறேன். நான் சொன்னது சரிதான். தெரிந்தே ஒரு குறையை வளர்ப்பது தவறு. ஆனால் பிறந்து, சளி பிடித்து, பட்டுப் பாவாடை கட்டி, என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒருத்தியை அந்த வாக்கியத்துக்குள் வைத்தால் வாக்கியம் கொலைபாதகமாகிவிடுகிறது. சேர்க்கிற கையைத் திட்டப் போய், பிறந்துவிட்டதைத் திட்டியிருக்கிறேன். அப்பாவின் சொல்லையே கொஞ்சம் படித்த தமிழில் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 26

ஞாயிறு. மாமா வந்தார். அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி, நானும் கூட இருக்கிறேன் என்று சொல்லி, மாடிக்கு அழைத்துப் போய் மாமாவிடம் சொல்ல வைத்தேன். அக்கா சொல்லி முடித்ததும் மாமா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

நூற்பாலைச் சத்தத்துக்குள் யாரும் வாயால் பேச முடியாது. நூல் அறுந்தால் ஒரு கை ஜாடை, மேஸ்திரி வந்தால் ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. மாமா பதினைந்து வருஷமாக அப்படிப் பேசுகிறவர். பிள்ளை தன் முகத்தைப் பார்க்கும் விதம் மில் ஆட்கள் பார்க்கும் விதம் என்று அவருக்கு எப்போதோ பொறி தட்டிவிட்டது. தனியாக இருக்கும்போது அந்த ஜாடைகளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வர்ஷி கட்டைவிரலை உதட்டில் வைத்துத் தண்ணீர் கேட்பாள். அக்கா அதை விரல் சப்பும் பழக்கம் என்று நினைத்து அடித்திருக்கிறாள்.

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஒடைஞ்சு போயிருவன்னு நெனச்சேன் மாரி. நீ ஏன் சொல்லல?"

அக்கா அழுதாள். மாமாவும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. ஒருவர் மனசு நோகக்கூடாது என்று ஒருவர் மாற்றி ஒருவர் பொத்திப் பொத்தி வைத்ததில் போன ஒரு வருஷம் இவர்களுடையதா? வர்ஷியுடையது.

நவம்பர் 4 மதுரைக்குப் போகிறோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 29

பவளம் பருவத்துக்கு வந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் சேர்க்கையை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்து இறங்கினார். மன்னன் வேப்பமர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சார், உங்க கார் ஹாரனை அவன் பக்கத்துல போய் அடிங்க" என்றேன்.

"எதுக்குங்க, பாவம்?"

"அடிங்க சார்."

அடித்தார். கொட்டகை முழுக்கக் குரைத்தது. எதிர்வீட்டு ஆள் வெளியே வந்து பார்த்தார். மன்னன் தூங்கினான்.

"ஏனுங்க, இதுக்குக் காதே கேக்காதுங்களா?"

"கேக்காது. அதனாலதான் வெடிக்குப் பயப்படல. இவன் குட்டிகள்ல பாதி செவிடு. அதையெல்லாம் அப்பா கெணத்துல போட்டுட்டு மிச்சத்தைத்தான் உங்களுக்குக் காட்டுறாரு."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மன்னனைப் பார்த்தார். குனிந்து அவன் காதுக்கு மேல் தானே இரண்டு முறை கை தட்டினார். பிறகு உள்ளே போய்விட்டார். கார் போய்விட்டது. பவளத்தை யாரும் அவிழ்க்கவில்லை.

ஜெயித்துவிட்டேன். அம்மா என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

அக்டோபர் 30

நான் என்ன செய்தேன் என்று இன்று காலைதான் தெரிந்தது.

அப்பா மன்னனைச் சங்கிலியோடு தோப்புப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். மறு கையில் கயிறு. எங்கே என்று நான் கேட்டதற்குத் திரும்பாமலே பதில் சொன்னார்.

"நீதானே காது கேக்காதுன்னு நிரூபிச்ச? இந்த வீட்டுல ஒரே சட்டந்தான்."

"அதுக்காகச் சொல்லலப்பா!" ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்தேன். தள்ளிவிட்டார். மன்னன் வாலை ஆட்டிக்கொண்டு அப்பாவின் கையையே பார்த்தபடி நடந்தான்.

படல் கதவில் அக்கா நின்றாள். இடுப்பில் வர்ஷி.

"வெலகு தாயி."

"ஆறு வருசம் காது கேக்காமத்தான் ஒங்க தோப்பைக் காத்தான். ஒரு நாளாவது ஒங்களுக்குத் தெரிஞ்சதா?"

"வெலகுன்னு சொல்றேன்ல."

"இவளுக்கும் கேக்காதுப்பா." அக்காவின் குரல் நடுங்கவே இல்லை. "பொறந்ததுலருந்தே கேக்காது. தீவாளிக்குத் தூக்கித் தெருவுக்குக் காட்டுனீகளே, அது பயமில்லாம இல்ல. ஒரே சட்டம்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. இந்தாங்க."

பிள்ளையை நீட்டினாள். வர்ஷி தாத்தா தூக்கப்போகிறார் என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

பின்னால் அம்மா, "என்னடி சொல்ற, என்ன சொல்றா இவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பா பிள்ளையை வாங்கவில்லை. சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுத் தனியாகத் தோப்புக்குள் போனார். சாப்பாட்டுக்கு வரவில்லை.

நவம்பர் 1

சத்தியத்தை அக்காவே உடைத்துவிட்டாள். அம்மா பூசாரியிடம் போய்க் குறி கேட்டு வந்தாள். அக்கா அவள் கொண்டுவந்த விபூதியை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, டாக்டர்கிட்டயும் போறோம்" என்றாள்.

நவம்பர் 4

மதுரை. மாமா, அக்கா, வர்ஷி, நான். கடைசி நிமிஷத்தில் அம்மா. பஸ் கிளம்பும்போது அப்பா வந்து ஏறி, பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். யாரும் வரச் சொல்லவில்லை.

பிள்ளையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்காது. டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். முதலில் மெஷின் வைத்துப் பழக்க வேண்டும், பிறகு ஆபரேஷன், பிறகு வருஷக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. வீட்டில் பேசும் கை ஜாடையை நிறுத்த வேண்டாம் என்றதும் மாமா முகம் மலர்ந்தது. இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மாமாவும் அக்காவும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"என் தம்பிக்குத்தான் கொடுத்திருக்கு, டாக்டர்" என்றாள் அம்மா. "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லையே."

"மறைஞ்சு இருந்திருக்கும்மா. ரெண்டு பக்கமும் ஒரே குடும்பங்கும்போது வெளிய வரும். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறதுன்னா முதல்ல வந்து பாருங்க." அம்மா மாமாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவை. அப்பா சுவரிலிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே, மெஷினுக்கு அளவெடுக்கக் கூப்பிடும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பவளத்துக்கு வேத்து ரத்தத்துக் கடுவன் எங்கனயாவது கெடைக்குமா? ஒனக்கு ஏதாவது தெரியுமா?"

இதற்காகத்தான் இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தினேன். இப்போது கேட்கிறார். நாய்க்குக் கேட்கிறார். பெற்ற மகளைப் பற்றி, அவளை யாருக்குக் கொடுத்தோம் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தால் நானும் மனம் இளகியிருப்பேன்.

"மொதல்ல அக்காகிட்டப் பேசுங்க. அப்புறம் நாயப் பத்திப் பேசலாம்."

அப்பா அக்கா இருந்த பக்கம் நடந்தார். அக்கா பெஞ்சில் தூங்கும் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் பிள்ளையின் பால் பாட்டில் பை. அப்பா அதற்கு எதிரே போய் நின்றார். உட்கார இடம் கிடைக்குமா என்பதுபோல் பையைப் பார்த்தார்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. பையை எடுக்கவும் இல்லை. எங்கள் பெயரைக் கூப்பிடும்வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார்.